வேர்க்கடலை அலர்ஜி இருந்தால் சாம்பாரையும் நிறுத்த வேண்டுமா?

பருப்புக்கடைசல்:
இந்தக் கேள்வி இங்கே மாதம் ஒரு தடவையாவது வருகிறது. பதில்கள் பத்து இழைகளில் சிதறிக் கிடக்கின்றன. ஒரே இடத்தில் பேசி முடித்துவிடலாம்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு ரிப்போர்ட்டை வைத்துக்கொள்வோம். நான்கு வயதுக் குழந்தை, வேர்க்கடலை தின்ற கால் மணி நேரத்தில் உடம்பெல்லாம் தடித்து, வாந்தி, மூச்சிழுப்பு. ரத்தத்தில் ஐஜிஇ (ஒவ்வாமையைக் கிளப்பும் எதிர்ப்புப் புரதம்) அளவு: வேர்க்கடலை 38, பட்டாணி 2.1, மைசூர்ப் பருப்பு 1.9, கொண்டைக்கடலை 1.6, சோயா 0.9. லேப்காரர்கள் 0.35-ஐத் தாண்டிய எல்லாவற்றுக்கும் தடித்த எழுத்தில் 'பாசிட்டிவ்' போட்டுவிடுவார்கள். ஆனால் குழந்தை தினமும் இட்லி சாம்பார் சாப்பிடுகிறது, வாரத்தில் இரண்டு நாள் சுண்டல். இதுவரை ஒன்றும் ஆனதில்லை. ரிப்போர்ட் வந்த அன்றே பருப்பு டப்பாக்கள் பரணுக்குப் போய்விடுகின்றன. இது தேவையா?

மூன்று_மிமீ:
தேவையில்லை. அந்த எண் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: ரத்தத்தில் அந்தப் புரதத்தோடு ஒட்டக்கூடிய ஐஜிஇ இருக்கிறது. ஒட்டிய பிறகு உடம்பு பொங்குமா, சும்மா இருக்குமா என்பது அந்த எண்ணில் இல்லை. அதைச் சொல்வது தட்டுதான். தின்று சுகமாக இருக்கும் பொருளை ரிப்போர்ட்டைப் பார்த்து நிறுத்தக் கூடாது.

1989-இல் அமெரிக்காவில் வந்த ஆய்வு இன்றைக்கும் மேற்கோள் காட்டப்படுகிறது. பயறு வகையில் ஏதாவது ஒன்றுக்காவது தோல் பரிசோதனை பாசிட்டிவாக இருந்த 69 குழந்தைகளுக்கு, மருத்துவக் கண்காணிப்பில் உண்ணக் கொடுத்துப் பார்த்தார்கள். 41 பேருக்கு எதிர்வினை வந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட பயறுக்கு வந்தது அவர்களில் 2 பேருக்கு மட்டும்.

நிறுத்துவதிலும் ஒரு கெடுதல் உண்டு. ஐஜிஇ இருந்தும் தொடர்ந்து உண்டு பழகியதால் உடம்பு பொறுத்துக்கொண்டிருக்கும் உணவை, மாதக்கணக்கில் விலக்கிவிட்டுத் திரும்பக் கொடுத்தால் அப்போது நிஜ ஒவ்வாமையாகவே வெடிக்கலாம். கரப்பான் (எக்சிமா) உள்ள குழந்தைகளுக்குப் பாலை நிறுத்தியபோது இப்படி நடந்தது பதிவாகியிருக்கிறது. 'எதற்கும் பாதுகாப்பாக இருக்கட்டும்' என்று நிறுத்துவதில் பாதுகாப்பு எதுவும் இல்லை.

கௌபி:
டொக்டர் சொல்லுறது சரி. ஆனா அந்த 2 பேர் கணக்கைச் சுவரில மாட்ட முதல் ஒன்றை யோசியுங்கோ. 1989-இல் அமெரிக்கப் பிள்ளையின்ர தட்டில மைசூர்ப் பருப்பும் கொண்டைக்கடலையும் எவ்வளவு இருந்திருக்கும்?

ஸ்பெயினைப் பாருங்கோ. அங்கே பிள்ளையளுக்கு வருகிற பயறு ஒவ்வாமையில முன்னுக்கு நிற்கிறது மைசூர்ப் பருப்பு. அதோட கொண்டைக்கடலையும் பட்டாணியும் சேர்ந்து வாறது சாதாரணம். பருப்பு அவியேக்க வருகிற ஆவியை மூச்சில இழுத்தே இழுப்பு வந்த பிள்ளையள் அங்கே பதிவாகியிருக்கினம். எந்த ஊர் என்ன சாப்பிடுதோ அதுக்கேற்ற மாதிரித்தான் ஒவ்வாமையும்.

மூன்று_மிமீ:
ஒத்துக்கொள்கிறேன். ஆகவே கேள்வியை இரண்டாகப் பிரிக்க வேண்டும். வேர்க்கடலையில் தொடங்கியவருக்கு மற்றப் பருப்புகள் பெரும்பாலும் பிரச்சினை செய்வதில்லை. மைசூர்ப் பருப்பிலோ பட்டாணியிலோ தொடங்கியவருக்கு அதன் நெருங்கிய பங்காளிகள் பிரச்சினை செய்ய நல்ல வாய்ப்பு உண்டு. பாதை இரு பக்கமும் ஒரே மாதிரி இல்லை.

ஆய்வக_எலி:
பங்காளி என்ற சொல்லைப் பிடித்துக்கொள்கிறேன். 'பயறுக் குடும்பம்' என்று ஒரே மூட்டையாகக் கட்டுவதால்தான் பாதிக் குழப்பம். உள்ளே கிளைகள் இருக்கின்றன.

மைசூர்ப் பருப்பு, பட்டாணி, ஃபாவா பீன்ஸ் ஒரே கிளை. கொண்டைக்கடலை அதற்குப் பக்கத்து வீடு. வெந்தயமும் அந்தத் தெருதான். துவரை, உளுந்து, பாசிப்பயறு, தட்டைப்பயறு, மொச்சை, கொள்ளு, பீன்ஸ், சோயா எல்லாம் வேறொரு கிளை. வேர்க்கடலை இவை எல்லாவற்றிலிருந்தும் விலகிய தனிக் கிளை. ஐரோப்பாவில் மாவாகவும் நொறுக்குத்தீனியாகவும் புழங்கும் லூப்பின் என்ற பயறு இன்னொன்று.

விதையில் சேமிப்புப் புரதங்கள் மூன்று வகை. விசிலின், லெகுமின், 2எஸ் ஆல்புமின். வேர்க்கடலையில் இவற்றுக்கு முறையே அரா எச் 1, அரா எச் 3, அரா எச் 2 (கூடவே 6) என்று பெயர். கடுமையான எதிர்வினைக்கு முதல் குற்றவாளி அரா எச் 2. மைசூர்ப் பருப்பிலும் பட்டாணியிலும் கொண்டைக்கடலையிலும் முக்கியமானது விசிலின் வகை. பொதுவாக இரண்டு புரதங்களின் அமினோ அமில வரிசை 70 சதவீதத்துக்கு மேல் ஒத்துப்போனால் ஐஜிஇ ஒன்றை இன்னொன்றாக எடுத்துக்கொள்ளும். 50-க்குக் கீழே போனால் அது அபூர்வம். பட்டாணி விசிலினும் மைசூர்ப் பருப்பு விசிலினும் கிட்டத்தட்ட அச்சு அசல். வேர்க்கடலை விசிலின் அவ்வளவு நெருக்கம் இல்லை. அதனால்தான் மேலே உள்ள ரிப்போர்ட்டில் 38-க்குப் பக்கத்தில் 2, 1.9, 1.6 என்று எச்சம்போலச் சிதறி நிற்கிறது.

போதாததற்கு, செடிப் புரதங்களின் மேல் ஒட்டியிருக்கும் சர்க்கரைச் சங்கிலிகளுக்கும் சிலர் உடம்பில் ஐஜிஇ இருக்கும். அவர்களுக்குப் பருப்பு, கோதுமை, மகரந்தம் என எதைச் சோதித்தாலும் 0.5, 0.8 என்று வரிசையாக வரும். பெரும்பாலும் அதற்கு மருத்துவ அர்த்தமே கிடையாது.

இன்னொன்று: '200 உணவு சோதனை' என்று விற்கப்படும் ஐஜிஜி பேக்கேஜ். ஐஜிஜி என்பது ஐஜிஇ அல்ல, வேறு வகை எதிர்ப்புப் புரதம். ஐஜிஜி இருந்தால் அந்த உணவைச் சாப்பிட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். அதைத் தெரிந்துகொள்ள ஆயிரக்கணக்கில் செலவழிக்க வேண்டியதில்லை.

பருப்புக்கடைசல்:
அப்படியானால் லூப்பின்? அதுவும் வேர்க்கடலைக்குத் தூரத்து உறவுதானே. அதை மட்டும் ஏன் எல்லோரும் எச்சரிக்கிறார்கள்?

ஆய்வக_எலி:
நல்ல கேள்வி. உறவுமுறை வழிகாட்டி அல்ல என்பதற்கு அதுதான் உதாரணம். கிளை தூரம், ஆனால் லூப்பின் விதையின் சேமிப்புப் புரதங்களில் வேர்க்கடலை ஐஜிஇ பிடித்துக்கொள்ளும் பகுதிகள் போதுமான அளவு ஒத்திருக்கின்றன. அதோடு அது மாவாக வருகிறது, தெரியாமல் வருகிறது. ஒரு துண்டு ரொட்டியில் எத்தனை கிராம் போனது என்று தின்பவருக்குத் தெரியாது.

கௌபி:
ஐரோப்பாவில இருக்கிற ஆக்களுக்கு இது முக்கியம். பிரான்ஸ், இத்தாலிப் பக்கம் ரொட்டி மா, கிரேப், குளூட்டன் இல்லாத பாஸ்டா, வீகன் பேர்கர் எல்லாத்திலயும் லூப்பின் மா போடுறாங்கள். இத்தாலியில லுப்பீனி, போர்த்துக்கலில ட்ரெமோசோ எண்டு உப்புத் தண்ணியில ஊறவைச்சு நொறுக்குத்தீனியாயும் விற்கும். மஞ்சள் நிறம், தட்டையான பெரிய விதை, பார்க்க மொச்சை மாதிரி. ஜெர்மன் லேபிளில லுப்பீனெ.

ஐரோப்பிய ஒன்றியம் 2006-இல் லூப்பினைக் கட்டாய ஒவ்வாமைப் பட்டியலில சேர்த்தது. இப்ப அதில 14 இனம். அவுஸ்திரேலியா, நியூசிலாந்து 2017-இல் சேர்த்தது. அமெரிக்காவின்ர 9 இனத்தில லூப்பின் இல்லை, அங்கே சேர்மானப் பட்டியலை முழுசா வாசிக்கத்தான் வேணும்.

கவனிக்க: இந்த எந்தப் பட்டியலிலயும் கொண்டைக்கடலை, பட்டாணி, மைசூர்ப் பருப்பு இல்லை.

சீருணவு:
இந்தியாவிலும் அதே நிலைதான். எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) 2020 லேபிள் விதிகளில் வேர்க்கடலையும் சோயாவும் உண்டு, மற்றப் பயறு எதுவும் இல்லை. கொண்டைக்கடலை ஒவ்வாமை உள்ளவர் பாக்கெட்டின் பின்பக்கம் தடித்த எழுத்தில் இருக்கும் எச்சரிக்கை வரியை மட்டும் பார்த்தால் போதாது.

செக்கடி:
தொழில்பக்கத்திலிருந்து சில விஷயங்கள். ஆபத்து அதிகமாகப் பதுங்கியிருப்பது இங்கேதான்.

எண்ணெய் முதலில். ரிஃபைன்ட் கடலை எண்ணெயில் புரதம் அநேகமாக மிஞ்சுவதில்லை. மரச்செக்கு எண்ணெய் அப்படியல்ல. பிழிந்து, வெயிலில் வைத்துத் தெளியவைத்து, மேலாக இறுத்து எடுப்பது. டின்னின் அடியில் தங்கும் மண்டி இருக்கிறதே, அது அரைபட்ட பருப்புத்தூள். 1997-இல் பிரிட்டனில் வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள 60 பேருக்கு இரண்டு எண்ணெயும் கொடுத்துப் பார்த்தார்கள். சுத்திகரித்ததில் ஒருவருக்கும் எதுவும் இல்லை, சுத்திகரிக்காததில் 6 பேருக்கு எதிர்வினை. 'செக்கு எண்ணெய் உடம்புக்கு நல்லது' என்ற பேச்சு இவர்களுக்குப் பொருந்தாது. கடலை ஆடும் அதே செக்கில் எள்ளும் தேங்காயும் ஆடுவார்கள் என்பதால் செக்கு நல்லெண்ணெயும் சந்தேகத்துக்குரியதே.

அடுத்து வறுகடலைக் கடை. இரும்புச் சட்டியில் மணலைச் சூடேற்றி, அதே மணலில் வேர்க்கடலை, பொட்டுக்கடலை, பட்டாணி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வறுபடும். சல்லடையில் மணல் கீழே போகும், வேர்க்கடலையின் சிவப்புத் தோலும் நொறுங்கலும் அடுத்த ஈட்டுக்கு மேலேயே நிற்கும். பொட்டுக்கடலையை ஒரு கைப்பிடி எடுத்து வெள்ளைத் தாளில் தட்டிப் பாருங்கள், சிவப்புத் தோல் கண்ணுக்கே தெரியும்.

மாவு மில்லும் அப்படித்தான். கல்லுக்கு நடுவிலும் துணிப்பையிலும் முந்தைய அரவை கால் கிலோவுக்குக் குறையாமல் ஒட்டி நிற்கும். 'ஒரு பிடி அரிசி போட்டு ஓட்டிட்டேன்' என்பது சுத்தம் செய்தது ஆகாது. இட்லிப் பொடி, பருப்புப் பொடி வகைகளை வீட்டு மிக்சியிலேயே அரைக்கணும். அந்த ஜாருக்குத் தனி பிளேடு, தனி வாஷர். ரப்பர் வாஷரின் அடிப்பள்ளத்தில்தான் பொடி ஒட்டிக் கிடக்கும்.

கடலைமாவில் விலை குறைவான பட்டாணி மாவைக் கலப்பது பழைய வழக்கம். வேர்க்கடலைக்காரருக்கு இது பெரும்பாலும் பொருட்டல்ல. பட்டாணிக்கு ஒவ்வாமை உள்ளவருக்குப் பஜ்ஜியே பொறி. பருப்பாக வாங்கி, பொறுக்கி, வீட்டில் திரித்தால் ஒழிந்தது.

கடைசியாக பட்டாணிப் புரதப் பவுடர். இதில் 80 சதவீதம் வரை புரதம். 30 கிராம் ஸ்கூப்பில் சுமார் 24 கிராம். அதே 24 கிராம் புரதத்துக்கு வேகவைத்த காய்ந்த பட்டாணி 300 கிராம் தின்ன வேண்டும். சுண்டலில் தாங்கிய உடம்பு ஷேக்கில் தாங்காமல் போவதற்குக் காரணம் இந்த அளவுதான். வேர்க்கடலைக்கும் பட்டாணிக்கும் சேர்த்து ஐஜிஇ இருப்பவர் இதைத் தானாகத் தொடங்க வேண்டாம்.

பருப்புக்கடைசல்:
வேகவைத்தால் வீரியம் போகும், வறுத்தால் கூடும் என்கிறார்களே?

ஆய்வக_எலி:
வேர்க்கடலையைப் பொறுத்தவரை ஓரளவு சரி. நீரின்றி அதிக வெப்பத்தில் வறுக்கும்போது புரதமும் சர்க்கரையும் பிணைந்து ஐஜிஇ இன்னும் இறுக ஒட்டுகிறது. வேகவைக்கும்போது புரதத்தில் ஒரு பகுதி தண்ணீரில் இறங்கிவிடும். கவனியுங்கள், இறங்குகிறது, அழிவதில்லை. அரா எச் 2 கொதிநிலைக்கு எல்லாம் மசியாது. அவித்த கடலைக்கும் ஆள் விழுந்தது உண்டு.

நம் சமையலில் இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நாம் பருப்பு வெந்த தண்ணீரைக் கொட்டுவதில்லை, ரசத்துக்கு எடுக்கிறோம். பருப்புக்கு ஒவ்வாமை உள்ளவருக்கு 'பருப்பு போடாமல் வெறும் பருப்புத் தண்ணி மட்டும்' என்று ஊற்றினால் கரைந்த புரதத்தைத்தான் ஊற்றுகிறீர்கள். மாவு புளிக்கவைத்தாலும் உளுந்துப் புரதம் முழுதாகச் சிதைந்துவிடாது.

சீருணவு:
வெந்தயத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. அதுவும் பயறுச் செடிதான். வேர்க்கடலை ஐஜிஇ அதோடு ஒட்டுவது நார்வேயில் கறித்தூள் சாப்பிட்டு வந்த எதிர்வினைகளை ஆராய்ந்தபோது தெரியவந்தது. நாலு கப் அரிசிக்கு ஒரு டீஸ்பூன் போட்ட தோசையைக் குழந்தை தின்றுகொண்டிருந்தால் அப்படியே விடுங்கள். வெந்தயக்களி வேறு கதை. அங்கே வெந்தயம் தாளிப்புச் சாமான் இல்லை, அதுவே உணவு. தோசையில் தாங்கியது களியில் தாங்கும் என்று முடிவுகட்ட வேண்டாம். முளைகட்டியது, மாத்திரையாக வருவது இவற்றுக்கும் அதேதான்.

புளியையும் கேட்பார்கள். புளியமரம் பயறுக் குடும்பம், உண்மை. நாம் தின்பது சதை, சேமிப்புப் புரதம் இருப்பது கொட்டையில். பெருங்காயம் பயறே இல்லை. கூட்டுப் பெருங்காயத்தில் கருவேலம் பிசினும் கோதுமை மாவும் சேரும், கோதுமைக்காரர்தான் அதைக் கவனிக்கணும். முந்திரி, பாதாம் பயறல்ல, அவை தனி வழக்கு. முந்திரிக்கும் பிஸ்தாவுக்கும் இடையே உள்ள ஒட்டுறவு பருப்புகளுக்குள் இருப்பதைவிடப் பலமானது.

கௌபி:
பேர்ச் மரம் உள்ள நாட்டில வளருகிற பிள்ளையளுக்கு இன்னொரு வழியும் இருக்கு. பேர்ச் மகரந்த ஒவ்வாமை உள்ளவை சோயாப் பால் ஒரு கிளாஸ் குடிச்சு வாய், தொண்டை வீங்கினது ஜெர்மனியில கனக்க. காரணம் க்ளை எம் 4 எண்ட புரதம், மகரந்தப் புரதத்தின்ர சாயல். சோகம் என்னெண்டால் வழக்கமான சோயா டெஸ்ட் சாற்றில அது மிகக் கொஞ்சம், அதனால ரிப்போர்ட் 'நெகட்டிவ்' எண்டு வரலாம். க்ளை எம் 4 எண்டு தனியாக் கேட்டுச் செய்விக்கோணும். பச்சையாத் தின்னுற பயறு முளையிலயும் இதே சாயல் புரதம் உண்டு. நல்லா அவிச்சால் இந்த வகைப் புரதம் குலைஞ்சுபோகும்.

பருப்புக்கடைசல்:
சரி, ஒரு பருப்பை இதுவரை கொடுத்ததே இல்லை, ஐஜிஇ பாசிட்டிவ். அங்கே என்ன வழி?

மூன்று_மிமீ:
அதற்குத்தான் உணவூட்டுச் சோதனை. மருத்துவமனையில், அட்ரினலின் (கடும் ஒவ்வாமைக்குப் போடும் உயிர்காக்கும் ஊசி மருந்து) கைக்கெட்டும் தூரத்தில், சிறிது சிறிதாக உண்ணக் கொடுத்துப் பார்ப்பது. வீட்டில் 'கொஞ்சம் நாக்கில் தடவிப் பார்க்கலாம்' வேண்டாம்.

முதலில் தோல் குத்துச் சோதனை. செட்டிரிசின் போன்ற அலர்ஜி மாத்திரைகளை 5 முதல் 7 நாள் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பொய்யாக நெகட்டிவ் வரும். கடையில் வரும் சாறுகளில் நம் பருப்பு எல்லாம் இருக்காது. ஊறவைத்த பருப்பிலும் வேகவைத்த மசியலிலும் ஊசியைக் குத்தி, அதே ஊசியால் தோலில் குத்தலாம். 15 நிமிடம் கழித்துத் தடிப்பு, வெறும் உப்புநீர்ப் புள்ளியைவிட 3 மிமீ பெரிதானால் பாசிட்டிவ். வேர்க்கடலையில் 8 மிமீ தாண்டினால் உணவூட்டுச் சோதனைக்கே போகாமல் ஒவ்வாமை என்று முடிவுசெய்யும் வழக்கம் உண்டு. அந்த 8-ஐத் துவரைக்கோ கடலைப்பருப்புக்கோ தூக்கிப் போட முடியாது.

உணவூட்டுச் சோதனை நாளில் மூச்சிழுப்பு கட்டுக்குள் இருக்கணும், காய்ச்சல் இருக்கக் கூடாது. ஒரு நாளுக்கு ஒரு பருப்பு. பரவலாக உள்ள அளவுமுறை, உணவின் எடையில் அல்ல, புரதக் கணக்கில்: 3, 10, 30, 100, 300, 1000, 3000 மில்லிகிராம், 20 நிமிட இடைவெளியில். காய்ந்த துவரம்பருப்பில் புரதம் 22 சதவீதம் அளவு, ஆகவே கடைசி 3000 மில்லிகிராம் என்பது சுமார் 14 கிராம் காய்ந்த பருப்பு, வெந்தபின் ஒரு சின்னக் கிண்ணம். முதல் டோஸ் 14 மில்லிகிராம் பருப்பு. தராசில் நிறுத்த வராது, 14 கிராமை மசித்து ஒரு லிட்டராகக் கலக்கி ஒரு மில்லி எடுப்பது சுலபம். எடுக்கும்முன் நன்றாகக் கலக்க வேண்டும், பருப்பு அடியில் இறங்கிவிடும். வீட்டில் எப்படிச் சமைப்பார்களோ அதே பக்குவம். கடைசி டோஸுக்குப் பிறகு குறைந்தது 2 மணி நேரம் இருக்கணும்.

தேறிவிட்டால் மறுபடி மறந்துவிடக் கூடாது. வாரத்துக்கு இரண்டு மூன்று தடவையாவது தட்டில் இருக்கணும்.

செக்கடி:
டாக்டர், அட்ரினலின் பற்றியும் எழுதிவிடுங்கள். ஊரில் மருந்து நிரப்பிய பேனா ஊசி கிடைப்பது குதிரைக்கொம்பு.

மூன்று_மிமீ:
ஆம்பூல்தான் (மருந்துள்ள கண்ணாடிக் குப்பி). 1 மில்லியில் 1 மில்லிகிராம். அளவு கிலோவுக்கு 0.01 மில்லி, தொடையின் வெளிப்பக்கத் தசையில். 15 கிலோ குழந்தைக்கு 0.15 மில்லி. குழந்தைக்கு அதிகபட்சம் 0.3, பெரியவருக்கு 0.5. குறையாவிட்டால் 5 முதல் 15 நிமிடத்தில் மறுபடி. 

சிரிஞ்சில்தான் தவறு நடக்கிறது. இன்சுலின் சிரிஞ்ச் வேண்டாம். இந்தியாவில் அது பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட் கோடு, 15 கிலோவுக்கு '15' கோடு வரை இழுத்தால் 0.375 மில்லி, இரண்டரை மடங்கு. ஊசியும் குட்டை, தசைக்குப் போகாது. 0.01 மில்லி கோடு போட்ட 1 மில்லி சிரிஞ்ச், தசைக்குப் போகும் நீள ஊசி. எழுதிக் கொடுக்கும் மருத்துவரிடமே வெறும் உப்புநீரில் இழுத்துப் பழகிவிடுங்கள்.

தடிப்போடு மூச்சுத்திணறலோ, திரும்பத் திரும்ப வாந்தியோ, மயக்கமோ சேர்ந்தால் ஊசி, பிறகு 108. இலங்கையில் 1990. படுக்கவைத்துக் காலைத் தூக்குங்கள், மூச்சு திணறினால் சாய்ந்து உட்காரலாம். எழுந்து நடக்கவிடாதீர்கள். செட்டிரிசின் அரிப்பைத்தான் அடக்கும், தொண்டை வீக்கத்தையும் ரத்த அழுத்தத்தையும் தொடாது.

ஆய்வக_எலி:
ஒரு பக்கக் குறிப்பு. பயறு தின்று வரும் எல்லாக் கோளாறும் ஒவ்வாமை அல்ல. ராஜ்மா சரியாக வேகாமல் கூட்டமாக வாந்தி எடுத்தால் அது லெக்டின் நஞ்சு. ஊறவைத்த தண்ணீரைக் கொட்டி, தளதளவெனக் குறைந்தது 10 நிமிடம் கொதித்தால் அழியும், சிறு தீயில் மட்டும் வைத்தால் அழியாது. ஃபாவா பீன்ஸ் தின்ற ஓரிரு நாளில் கண் மஞ்சளாகி மூத்திரம் கறுத்தால் அது ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடு, ரத்தச் சிவப்பணுக்கள் உடைவது. வாயு வெறும் வாயு. இதற்கெல்லாம் ஐஜிஇ சோதனையில் விடை கிடைக்காது.

கௌபி:
கடைசியா ஒரு சொல்லுப் பிரச்சினை. எங்கட ஊரில 'கடலை' எண்டால் கொண்டைக்கடலை, உங்கட கடலை எங்களுக்குக் கச்சான். 'பருப்பு' எண்டால் மைசூர்ப் பருப்பு மட்டும்தான். கல்யாண வீட்டில ஒரு யாழ்ப்பாணத்து ஆளும் ஒரு மதுரை ஆளும் 'கடலை போட்டிருக்கோ' எண்டு பேசினால் இரண்டு பேரும் ஓம் சொல்லி இரண்டு வேற பொருளைச் சொல்லுவினம்.

செக்கடி:
மதுரைக்குள்ளேயே அந்தக் கூத்து நடக்குதே. கடலை எண்ணெய், கடலை மிட்டாய் வேர்க்கடலை. கடலைமாவு, கடலைப்பருப்பு, பொட்டுக்கடலை கொண்டைக்கடலை. விழுப்புரம் பக்கம் போனால் மணிலாக்கொட்டை.

ஹோட்டலில் 'சட்னியில கடலை இருக்கா' என்று கேட்டால் 'பொட்டுக்கடலைதான் சார்' என்று நல்ல மனதோடு சொல்வார்கள். கெட்டியாக வர ஒரு பிடி வேர்க்கடலை சேர்த்தது அவர் கணக்கில் வராது. சப்ளையரைக் கேட்காதீர்கள், அரைக்கிறவரைக் கேளுங்கள்: 'இன்னைக்கு எந்தச் சட்னியிலயாவது வேர்க்கடலை அரைச்சீங்களா, அதே கிரைண்டரா?'

பருப்புக்கடைசல்:
'அதே கரண்டியா' என்றும் சேர்த்துக் கேட்கணும். சட்னி வாளி மூன்று, கரண்டி ஒன்று.